குடிக்காதவர்களுக்கு பர்கண்டி சைக்கிள் பயணம் சரிப்படுமா?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எனக்கு 54 வயது, என் வீட்டுக்காரருக்கு 59. இரண்டு பேருமே மதுவைத் தொட்டதில்லை. அவருக்கு முட்டி வலி வேறு. பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன பர்கண்டி பகுதியின் திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஒரு வாரம் சைக்கிளில் கூட்டிப்போகிற சொகுசுப் பயணத்துக்கு மகள் பணம் கட்டுகிறேன் என்கிறாள். எங்களுக்கு அது வீண் செலவுதானே?"

வீண் இல்லை அம்மா, தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். அங்கே நான் பார்த்து அசந்துபோனது மண்ணைத்தான், அதற்குக் குடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டிஜோன் நகரத்திலிருந்து தெற்கே நீளமாக ஒரு சுண்ணாம்புக்கல் சரிவு போகிறது. அந்தச் சரிவில் திராட்சை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். க்ளிமா என்பார்கள். அப்படி ஆயிரத்துக்கு மேல் உண்டு. நம் ஊரில் வயலுக்கு 'கோயில் மேடு', 'பள்ளச் செய்' என்று பெயர் சொல்வோமே, அதே மாதிரிதான். எந்தத் துண்டில் விளைந்த பழம் எப்படி இருக்கும் என்று அங்கிருந்த துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் கவனித்து வந்திருக்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மோன்ராஷே என்று ஒரு தோட்டம், மொத்தமே ஏறக்குறைய 20 ஏக்கர். உலகத்திலேயே விலை அதிகமான வெள்ளை ஒயின்களில் ஒன்று அதில்தான் விளைகிறது. அதை ஒட்டி ஒரு சின்னச் சாலை. சாலைக்குக் கீழ்ப்பக்கம் இருப்பது பத்தார்-மோன்ராஷே. அதே ரகத் திராட்சைதான், ஆனால் ஒயினுக்குப் பெயர் வேறு, விலையும் வேறு. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தேன். மேல்பக்கம் வெளுத்த கல் கலந்த மண், கீழ்ப்பக்கம் கொஞ்சம் கனத்த, நிறம் கூடின மண். காரில் போனால் அந்த இடத்தைப் பத்து நொடியில் தாண்டிவிடுவோம். சைக்கிள் வேகத்தில்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

சரி, முட்டி. போன் என்கிற ஊரிலிருந்து சான்தெனே வரை தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை இருக்கிறது, சுமார் 22 கிலோமீட்டர். பொமார், வோல்னே, மெர்சோ என்று ஊர் ஊராகப் போகும். சமதளம் கிடையாது, ஏறி இறங்கும். அதனால் இரண்டு பேருமே பேட்டரி சைக்கிள் கேளுங்கள். மிதித்தால்தான் மோட்டார் உதவும், வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டால் அந்த உதவி தானாக நின்றுகொள்ளும், பயமே வேண்டாம். சீட்டைத் தாழ்வாக வைக்காதீர்கள், அதனால் முட்டி வலி கூடலாம். கால் கீழே போகும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். அவருக்கு மேடே வேண்டாம் என்றால் ஷிவ்ரியிலிருந்து க்ளூனி வரைக்கும் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயில் போன வழி என்பதால் பெரிய ஏற்றமே இருக்காது. ஒரு நாளாவது அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மகள் கட்டுகிற பணத்தில் எது உருப்படியான செலவு என்றால், பின்னால் வருகிற வேன்தான். பெட்டிகளை அது அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்விடும். முடியவில்லை என்றால் சைக்கிளோடு நீங்களும் ஏறிக்கொள்ளலாம். முதல் தடவை நான் பெட்டியைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போனேன். வோல்னே மேட்டில் மூச்சு வாங்கியதில் சுற்றி என்ன இருந்தது என்றே நினைவில்லை. விடுதியில் ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் பரவாயில்லை, வேனை விட்டுவிடாதீர்கள்.

ஒயின் ருசி பார்க்கிற இடத்தில் யாரும் உங்களை வற்புறுத்த மாட்டார்கள். தொழிலில் இருப்பவர்களே வாயில் வைத்துவிட்டுத் துப்புவதுதான் வழக்கம், அதற்கென்று பாத்திரமே வைத்திருப்பார்கள். நிலவறையின் குளிர்ச்சியையும் மரப்பீப்பாய் வாசனையையும் அனுபவித்துவிட்டு வந்தால் போதும். ஆனால் சாப்பாட்டில் கவனம். அந்த ஊர்ச் சமையலில் ஒயின் நிறையச் சேரும். எப்வாஸ் என்கிற பாலாடைக்கட்டியைக்கூடத் திராட்சைச் சாராயத்தால் கழுவித்தான் பக்குவப்படுத்துகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கூஜேர் என்று பாலாடைக்கட்டி போட்டுச் சுடுகிற உப்பல் பலகாரம் கிடைக்கும். சூடாக எடுத்தால் இரண்டோடு நிறுத்த முடியாது.

அப்புறம், அங்கே வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் பழகிவிடும். காலையில் கிளம்பும்போதும் ரவுண்டானாவிலும்தான் கை தானாக இடது பக்கம் இழுக்கும். எனக்கு மூன்றாம் நாள்கூட இழுத்தது. அதனால் முதல் நாள் வழிகாட்டிக்குப் பின்னாலேயே போங்கள். எந்த பிரேக் முன்சக்கரத்துக்கு என்பதையும் கிளம்பும் முன் பிடித்துப் பாருங்கள். தோட்டப் பாதையில் டிராக்டர் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அது அவர்கள் பிழைப்பு நடக்கிற இடம்.

மே, ஜூன் நல்ல மாதங்கள். செப்டம்பரில் போனால் அறுவடையும் பார்க்கலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரண்டு பேரும் தினம் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். பேட்டரி சைக்கிளில் கால் வலி அவ்வளவாகத் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போதுதான் வலி தெரியும்.