தண்ணீரை விட்டு வெளியே வராத வண்டு

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டதும் பாதிப்பேர் கை தூக்கினீர்கள், சந்தோஷம். அங்கே என்ன பார்த்தீர்கள்? பூநாரை, தாழைக்கோழி, நீர்க்காகம். 2022இல் அந்தச் சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோதும் நாம் பறவைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். தண்ணீருக்கு அடியில், செடியின் வேரோரம் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

அதற்காகத்தான் இன்று தூரத்து ஊர்ப் பூச்சி ஒன்றைப் பற்றிப் பேச வந்தேன். மாக்ரோப்ளியா முட்டிகா. இலை வண்டுக் குடும்பம், 1792இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்தது. வடக்கு ஐரோப்பாவில் பால்டிக் கடலோரத்தில், நம் பழவேற்காடு மாதிரி உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வாழ்கிறது. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வைக்கோல் நிறம், முதுகில் கறுப்புப் புள்ளி வரிசைகள். இலை வண்டு என்றால் இலைமேல்தானே உட்கார்ந்திருக்கும்? இது வளர்ந்த பிறகும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, இணை சேர்வதும் முட்டையிடுவதும் அங்கேயேதான். ஆனால் இதற்கு நீந்தத் தெரியாது! கால் நகங்களால் செடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போகும்.

சரி, மூச்சு? உடம்பில் நெருக்கமாக இருக்கிற மிக நுண்ணிய முடிகள் மெல்லிய காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கின்றன, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அந்தப் படலத்துக்குள் வந்துகொண்டே இருப்பதால் மேலே வந்து காற்று வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வண்டின் முட்டையிலிருந்து வரும் புழுவின் கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. தாமரைத் தண்டை வற்றலுக்கு நறுக்கும்போது வட்ட வட்டமாக ஓட்டைகள் தெரியுமே, அவை காற்று போகும் குழாய்கள். நீர்ச்செடிகளின் வேரிலும் அப்படி உண்டு. புழுவின் வால் பக்கம் கொக்கி மாதிரி இரண்டு முட்கள் இருக்கின்றன, அவற்றை வேரில் குத்தி அந்தக் காற்றை எடுத்துக்கொள்கிறது. சாப்பாடும் வேரின் சாறுதான். அதில் சத்து போதாது, உடம்பில் புரதம் உருவாகத் தேவையான, குறைகிற அமினோ அமிலங்களைக் குடலோடு சேர்ந்து வாழும் பாக்டீரியா தருகிறது. அப்புறம் அதே வேரில் கூடு கட்டுகிறது, கூட்டுக்குள்ளும் செடியின் காற்றுதான்.

ஏரி வற்றினால் நாரை பறந்து போய்விடும். இந்த வண்டுக்கு அந்தச் செடியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. நம் ஏரிகளில் 'சுத்தம் செய்கிறோம்' என்று பொக்லைன் வைத்து எல்லாச் செடியையும் வாரிக் கரையில் கொட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது. வெங்காயத்தாமரையை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நம் ஆம்பலையும் சம்பையும் வேரோடு பிடுங்குவதற்கு முன்னால், ஒரு செடியை எடுத்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் வேரை அலசிப் பாருங்கள். முட்டிகா அதில் இருக்காது. என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.