பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் பிரேக் பிடிக்கவில்லையா? பெடலிலிருந்து தொடங்குங்கள்

[காட்சி: நிறுத்தி வைத்த வண்டி. பிரேக் பெடல் மீது ஓட்டுநரின் கால்.]

வணக்கம். பல ஆண்டுகள் ஓடிய நான்கு சக்கர இயக்க வண்டியில் பிரேக் மந்தமானதும், பலர் முதலில், பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் குறை அப்படியே இருக்கும்போதுதான், பழுது வேறெங்கோ இருந்தது என்று தெரியவருகிறது. எனவே எதையும் கழற்றுவதற்கு முன், நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள். அது காலுக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கொண்டே தேட வேண்டிய இடத்தைப் பெருமளவு குறுக்கிவிடலாம். காரணம் தெரியும் வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பெடல் கல்லைப் போல இறுகியிருந்து, முழு பலத்தோடு மிதித்தும் வண்டி நிற்க மறுத்தால், நம் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டருக்கு, அதை இயக்கும் வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் உதவுகிறது என்று பொருள். இறங்கவில்லை என்றாலும் உடனே பூஸ்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். டீசல் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் போதிய வேக்குவம் உண்டாவதில்லை என்பதால், அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் இருக்கிறது. பல பழைய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அமர்ந்திருக்கும். வெடித்த ஹோஸ், அடைத்துக்கொண்ட ஒருவழி வால்வு, தேய்ந்த பம்ப் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பூஸ்டருக்கு வர வேண்டும்.

அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கி, வெளியே எங்கும் பிரேக் ஆயில் கசிவு தெரியவில்லை என்றால், அப்போது மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிப்பது நியாயம். பஞ்சுபோல அமுங்கினால், லைனில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பலாம். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் ஹோஸைப் பார்த்தால் உப்புவது கண்ணுக்கே தெரியும்.

[காட்சி: கழற்றிய பின்சக்கர டிரம். ஷூ, அட்ஜஸ்டர்.]

முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது முறை மிதித்தால் மேலேயே நிற்பது, பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் குறை. தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோக, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் உராய்வுப் பட்டையான லைனர் தேயத் தேய, அந்த ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிடுகிறது. முதல் மிதியின் பெரும்பகுதி அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிறது. ஹேண்ட் பிரேக்கைச் சற்று இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் உயர்ந்து நின்றால் பின் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல், இன்ஜினின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அவற்றில் இந்தச் சோதனை பயன்படாது. முன்சக்கர பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதை மறந்துவிடக் கூடாது: சக்கரம் ஆடும்போது டிஸ்க் பேடுகளை விலக்கித் தள்ளிவிடுவதால், அடுத்த மிதியில் பெடல் ஆழம் போகும்.

டிரம்மைத் திறந்ததும் லைனரில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலின் காற்றுப்போக்கியான பிரீதர் சேற்றால் அடைபட்டால், சூடேறும்போது ஹவுசிங்குக்குள் அழுத்தம் கூடி, ஆயில் சீல் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் கசியத் தொடங்கும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

[காட்சி: பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குப் போகும் கம்பி, அதன் முனையில் வால்வு.]

இதுதான் சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. சுமை ஏறினால் சேசிஸ் தாழ்ந்து ஆக்சிலை நெருங்கும்; அந்த நெருக்கத்தைக் கம்பி வழியாக உணர்ந்து, வால்வு பின்பக்கத்துக்கு அதிக அழுத்தத்தை விடுகிறது. சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில் இடைவெளி எப்போதும் அதிகமாகவே இருப்பதால், வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு கருதிக்கொண்டு பின் பிரேக்கை அடக்கிவைக்கும். முன் பேடுகள் மட்டும் வேகமாகத் தேய்ந்து, பிரேக் போடும்போது மூக்கு குத்தினால், இந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயரத்துக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருக்கும். டயரையும் கணக்கில் எடுங்கள்: 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால், அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 12 சதவீதம் குறைகிறது. பிரேக்கில் எந்தப் பழுதும் இல்லாமலேயே இந்த இழப்பு வந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்ததும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் மட்டும் பெடல் திடீரெனத் தளர்ந்தால், சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகிறது என்பதைத்தான் நினைக்க வேண்டும்.

பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக எட்டாத பகுதி துருவேறி இருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அதன் மீது உரசிக் கிழிந்துவிடும். நான்கு சக்கரங்களிலும் காற்றை எடுத்த பிறகும் பெடல் அமுங்கினால், சுமை வால்வைப் பாருங்கள். பல வண்டிகளில் அதற்கும் தனியாக ஒரு ஏர் நிப்பிள் இருக்கிறது. அங்கே தங்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, ஆளில்லாத சமதரையில் மிகக் குறைந்த வேகத்தில் முதல் சோதனையைச் செய்யுங்கள்.