கடைசித் தடத்தில் எதுவும் இருக்கக் கூடாது

வணக்கம். இன்றைக்குப் பெரிதாக எடிட்டிங் எதுவும் கிடையாது. நான், இந்த மேசை, கையில் ஒரு படம், அவ்வளவுதான். கோடை விடுமுறையில் 8 வாரம் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே அப்படி என்னதான் செய்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் இந்தப் படத்தில் இருக்கிறது.

கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறேன். தெரிகிறதா? டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து எடுத்த ஜெல் படம் இது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள். இடது ஓரத்தில் ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காக இருப்பது லேடர். நீளம் தெரிந்த டி.என்.ஏ. துண்டுகள் அதில் இருக்கும், நமக்கு அதுதான் அளவுகோல். அடுத்த 7 தடங்களிலும் ஒரே உயரத்தில் ஒரு பளிச்சென்ற கோடு, அதைப் பேண்ட் என்போம். அவை என் சாம்பிள்கள். இப்போது வலது ஓரத்தில் கடைசித் தடத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே உயரத்தில் ஒரு பேண்ட். அந்த டியூபில் நான் டி.என்.ஏ.வே போடவில்லை. வெறும் தண்ணீர்தான் போட்டேன்.

அந்த ஒரு கோடு என்னுடைய 11 நாளைத் தின்றது.

முதல் வாரத்திலிருந்து வருகிறேன். வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப், கண்டுபிடிப்பு என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். கையில் ஒரு பிப்பெட்டையும் (திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் கருவி) ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்து, தராசு முன்னால் உட்கார வைத்தார்கள். 100 மைக்ரோலிட்டர் எடு, தராசில் விடு, எழுது. தண்ணீர் என்பதால் கணக்கு சுலபம், 100 மைக்ரோலிட்டருக்கு 0.1 கிராம் வர வேண்டும். எனக்கு வந்தது 0.0931, அடுத்தது 0.1042, அதற்கடுத்தது 0.0968. கை என்னுடையதுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது.

பிப்பெட்டின் மேல் பட்டனுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையைத் திரவத்தில் வைத்து, மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்த வேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டும் வர. நான் எடுக்கும்போதே அடிவரை அழுத்தியிருக்கிறேன். சட்டென்று விட்டால் காற்றுக் குமிழியும் கூடவே ஏறும். இந்தப் பிப்பெட்டை 1957இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்னிட்கர் என்ற மருத்துவர் உருவாக்கினார். அதுவரை கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கிருமி இருக்கும் திரவத்தையும்தான்! அதைக் கேட்ட பிறகு கட்டைவிரல் வலியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது வாரம்தான் வேலை ஆரம்பித்தது. மண்ணிலிருந்து வளர்த்த 24 பாக்டீரியாக் காலனிகள், அதாவது கூட்டங்கள். ஒவ்வொன்றும் எந்த இனம் என்று பார்க்க வேண்டும். அதற்கு 16எஸ் என்ற மரபணுவை எடுத்துப் படிப்பார்கள். எல்லா பாக்டீரியாவிலும் அது இருக்கும், சுமார் 1500 டி.என்.ஏ. எழுத்து நீளம். கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுவதால் இனம் பிரிக்க உதவும். அந்தத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுக்கும் முறைதான் பி.சி.ஆர். 95 டிகிரியில் இரண்டு இழையும் பிரியும், 55க்கு இறக்கினால் பிரைமர் என்ற சின்ன டி.என்.ஏ. துணுக்கு போய் ஒட்டும், 72இல் நொதி புது இழையைக் கட்டும். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்கு. 30 சுற்று ஓடினால் ஒரே ஒரு துண்டு, ஏட்டளவில் 107 கோடி ஆகிவிடும். 1983இல் இந்த யோசனை தோன்றியதற்காக கேரி மல்லிஸ் 1993இல் வேதியியல் நோபல் வாங்கினார்.

107 கோடி என்பதைக் கேட்டு நானும் முதலில் வாயைப் பிளந்தேன். அதன் மறுபக்கம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. தவறிப்போய் விழுந்த ஒரு துணுக்கும் அதே வேகத்தில்தான் பெருகும்.

அதனால்தான் நெகட்டிவ் கன்ட்ரோல். எல்லாம் போட்டு, டி.என்.ஏ.வுக்குப் பதிலாகத் தண்ணீர் விட்ட டியூப். அது காலியாக வந்தால்தான் மற்ற தடங்களில் இருப்பது என் பாக்டீரியாவுடையது என்று நம்பலாம்.

பெருகிய டி.என்.ஏ.வை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல் பற்றி ஒரு சின்னக் கதை. அரை கிராம் அகரோஸ் பொடி, 50 மில்லி பஃபர் என்ற உப்புக் கரைசல், மைக்ரோவேவில் பொங்காமல் காய்ச்சி ஊற்றினால் கட்டியாகிவிடும். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை, எனவே மின்சாரம் விட்டால் நேர்மின் முனையான சிவப்பு முனையை நோக்கி ஓடும். ஒருநாள் ஒயரை மாற்றிச் செருகிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சாம்பிளோடு கலந்து விட்ட நீலச் சாயம் ஒன்றுகூட ஜெல்லில் இல்லை, எல்லாம் பின்பக்கமாக வெளியேறிப் பஃபரில் கலந்திருந்தது. சரி, அதை விடுங்கள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை இந்தப் படம் வந்தது. 7 சாம்பிளும் பளிச்சென்று இருக்கின்றன. கடைசித் தடத்திலும் பேண்ட். கணினியில் படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் ஒரு தடம்தான், வெட்டிவிட்டால் அருமையான படம். மவுஸ் அந்த ஓரத்துக்குப் போய் நின்றது, பொய் சொல்லப் போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் மவுஸ் நின்றது. அன்றைக்கு 5 மணிக்குக் கைடிடம் படத்தைக் காட்ட வேண்டும்.

எனக்குப் பக்கத்து மேசையில் பி.எச்டி. செய்கிற அக்கா ஒருவர் இருந்தார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தண்ணி எந்த டியூப்ல எடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

தேடல் அங்கேதான் ஆரம்பித்தது. சந்தேக லிஸ்டில் தண்ணீர், பிரைமர் இரண்டு, பஃபர், நொதி, பிப்பெட், அதன் முனையில் மாட்டும் டிப் பெட்டி. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிப்போட்டுப் புதிதாக வைத்துவிடலாமே என்றேன். "பேண்ட் போயிடும், ஏன் வந்துச்சுன்னு தெரியாமலே போயிடும். அடுத்த மாசம் திரும்ப வரும்" என்றார். ஆக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பி.சி.ஆர். ஓட 2 மணி நேரத்துக்கு மேல், ஜெல் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை செய்தாலே பெரிது. பிரைமரை மாற்றினேன், பேண்ட் இருந்தது. பஃபரை மாற்றினேன், இருந்தது. பிப்பெட்டைக் கழற்றித் துடைத்தேன், அப்படியே இருந்தது. சனிக்கிழமைகூடப் போனேன்.

கடைசியில் தண்ணீர்தான். அக்கா முதல் நிமிஷமே கேட்டது. ஆனால் நான் அதைத்தான் கடைசியாக மாற்றினேன், ஏனென்றால் அந்த டியூபில் என் பெயர் எழுதியிருந்தது. நானே திறந்த புது டியூபில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. டி.என்.ஏ. பிரித்தெடுத்த நாளில் சில டியூப்களில் அளவு குறைகிறதென்று அதே தண்ணீரை எடுத்து நிரப்பியிருக்கிறேன். அவசரத்தில் டிப்பை மாற்றாமல் அதையே திரும்பத் தண்ணீரில் விட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும், மீதியை 30 சுற்று பார்த்துக்கொண்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். புதுத் தண்ணீரில் அந்தப் பளிச் பேண்ட் போய்விட்டது, ஆனால் சுற்றை 35 ஆக்கினால் மங்கலாக ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கு மட்டும் நான் காரணமில்லை. பி.சி.ஆரில் நாம் போடும் டாக் என்ற நொதியைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஈ.கோலைக்கும் 16எஸ் உண்டு. எவ்வளவு சுத்தம் செய்தாலும் அதன் துணுக்கு கொஞ்சம் நொதியோடு வந்துவிடும். நாம் தேடுவதும் அதே மரபணு என்பதால் அதுவும் பெருகித் தெரிகிறது. சுற்றை 28க்குக் குறைத்தோம், கடைசித் தடம் கறுப்பாக வந்தது. அந்தக் கறுப்பை மட்டும் தனியாகப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன இது, ஒன்றுமே இல்லையே என்கிறார்கள்.

மிச்ச வாரங்கள் வேகமாக ஓடிவிட்டன. 24இல் 19 காலனிகளின் டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படிக்க அனுப்பினோம். பாதிக்கு மேல் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை. மண்ணில் அது சாதாரணம், யாரும் ஆச்சரியப்படவில்லை. கடைசி நாள் 10 நிமிஷம் பேச வேண்டும். முதல் ஸ்லைடிலேயே இந்தக் கெட்ட படத்தை, வெட்டாமல், போட்டேன். கைடு கேட்ட மூன்று கேள்வியும் அந்தக் கடைசித் தடத்தைப் பற்றித்தான். பேசில்லஸ் பக்கம் யாரும் வரவே இல்லை.

அடுத்த கோடைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். எழுதும்போது "உங்கள் துறையில் ஆர்வம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் உங்களுக்குப் புரியாத இடத்தைக் கேளுங்கள். அப்புறம், ஆய்வக நோட்டில் பேனாவால் எழுதுங்கள், தப்பென்றால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள், கீழே எழுதியது தெரிய வேண்டும். நான் தண்ணீரை எந்தத் தேதியில் எதற்கெல்லாம் எடுத்தேன் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன், என் கிறுக்கலிலிருந்தே.

நேற்று அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. உறைபெட்டியில் என் பெயர் போட்ட ஒரு பெட்டி இடத்தை அடைக்கிறதாம், வைக்கவா தூக்கிப்போடவா என்று கேட்டிருந்தார். மீதி 5 காலனியின் டி.என்.ஏ. அதில்தான் இருக்கிறது. வைத்திருங்கள் அக்கா, டிசம்பர் லீவுக்கு வருகிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.