முன்பாரமும் பின்பாரமும்: கரட்டுப் பாதைக்கு ஒரு சின்ன முகாம் வண்டி

வணக்கம் நேயர்களே.

சித்திரைத் திருவிழாவுக்கு மேலூர், நத்தம் பக்கமிருந்தெல்லாம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மதுரைக்கு வந்த காலம் ஒன்று உண்டு. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம். ஓரத்தில் சமையல் சாமான், தண்ணீர்க் குடம். மாட்டைப் பூட்டும் முன் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் கூடிப்போனால் மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். இன்றைக்கு ஜீப்புக்குப் பின்னால் பூட்டி மலைக்கும் கடற்கரைக்கும் இழுத்துப் போகிற சின்ன முகாம் டிரெய்லருக்கும் இதே கணக்குதான். அந்த வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம்.

எடையில் தொடங்குவோம். மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்படாத டிரெய்லரை நம் நாட்டு வாகன வகைப்பாட்டில் டி1 என்கிறார்கள். அதற்கு மேல் மூன்றரை டன் வரை டி2. இரண்டு பேர், கூட ஒரு சிறு குழந்தை என்றால் டி1 தாராளம். ஆனால் மொத்த எடை என்பது காலி வண்டியின் எடை அல்ல, எல்லாம் ஏற்றி முடித்த பிறகுள்ள எடை. காலி வண்டி 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் மிச்சம் 300 கிலோ. இப்போது ஏற்றிப் பாருங்கள். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. கூரைமேல் விரிக்கிற கூடாரம் 60. பிரிட்ஜும் அதற்குள் இருப்பதும் 35. ஸ்டெப்னி 22. ஜாக்கி, கருவிப்பெட்டி 20. அடுப்பு, பாத்திரம் 20. துணிமணி 20. மெத்தை, போர்வை 15. பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் பந்தல் துணி 15. பேட்டரி 12. சின்ன கேஸ் சிலிண்டர் 12. கூட்டினால் 291 கிலோ! இனிமேல் பத்து கிலோ அரிசிப் பை ஒன்றுகூட ஏறாது. அதனால் விற்பவர் சொல்கிற காலி எடையை வாய்வார்த்தையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். பணம் கட்டும் முன் வண்டியை எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். 450 என்று சொன்ன வண்டி 550 இருந்தால், மேலே சொன்ன பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

இழுக்கிற வண்டிக்கும் ஒரு வரம்பு உண்டு. அதை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். அதில் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுசுகியின் ஜிம்னி ஜீப்பில் மூன்று கதவு மாடலுக்கு ஆஸ்திரேலியாவில் கொடுத்திருக்கும் அளவைப் பாருங்கள்: பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1300 கிலோ, பிரேக் இல்லாததென்றால் 350. அதே இன்ஜின், அதே கொக்கிதான். டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். 700 கிலோ வண்டியைப் பிரேக் இல்லாமல் மலையேற்றக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், காப்பீட்டிலும் அது சேர வேண்டும். பட்டறையில் வெல்டு வைத்து வாங்கிய வண்டிக்கு வகை ஒப்புதல் சான்று, அதாவது அந்த மாடலைச் சோதித்து அங்கீகரித்த சான்று, இருக்காது. ஆர்டிஓ அலுவலகத்தில் போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சான்றின் நகலை வாங்கிக்கொண்டு போய் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

முன்பாரத்துக்கு வருவோம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும். 740 கிலோ வண்டிக்கு 74. அறுபதிலிருந்து தொண்ணூறுக்குள் இருந்தால் சரி. இதை அளக்க வீட்டில் ஆள் எடை பார்க்கிற தராசு போதும். சமதரையில் டிரெய்லரை நிறுத்திச் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். அதன் உயரம் வண்டிக் கொக்கியின் உயரமாக இருக்க வேண்டும். கப்ளரை, அதாவது கொக்கியில் மாட்டுகிற டிரெய்லரின் முனையை, அதன்மேல் மெல்ல இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, காலியாக இருக்கும்போது ஒரு தடவை என்று இரண்டு தடவை பாருங்கள். தொட்டி அச்சுக்குச் சற்றே முன்னால், தரைக்கு அருகில், உள்ளே தடுப்புத் தகடுகளோடு இருந்தால் இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

ஸ்டெப்னி, இரண்டு தண்ணீர்க் கேன், சைக்கிள் என்று எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்பக்கத்திலேயே தொங்கவிடுவது பலர் செய்கிற பிழை. பாரம் பின்னால் போய்விட்ட டிரெய்லர் ஊர்ச் சாலையில் ஒன்றும் செய்யாது. நான்குவழிச் சாலையில் எண்பதில் போகும்போது பக்கத்தில் ஒரு பஸ் கடந்து போகும். அந்தக் காற்று தள்ளியதும் வால் ஆடத் தொடங்கும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்போது வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் தானாக இறங்கினால் ஆட்டம் அடங்கும். மின்சார பிரேக் உள்ள டிரெய்லர் என்றால், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கலாம்.

டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, கப்ளரைத் தாங்கி முன்னால் நீள்கிற ஏர்க்கால் சட்டத்தோடு சேரும் முன் குறுக்குச் சட்டம். ஒவ்வொரு குழியிலும் வண்டி வளைவது அந்த இடத்தில்தான். ஏர்க்கால் அங்கேயே முடிந்துவிடக் கூடாது. சட்டத்துக்கு அடியில் முன் ஸ்பிரிங் தாங்கி வரைக்கும் போக வேண்டும். 100க்கு 50, 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புக் குழாய் இந்த எடைக்குப் போதும். வெல்டு, குழாயின் பக்கவாட்டில் நீளவாக்கில் இருக்க வேண்டும். மேலும் கீழும் குறுக்காக வெல்டு வைத்தால் அந்தச் சூட்டுக் கோட்டிலேயே இரும்பு விரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கீழே படுத்து, டார்ச் அடித்து அந்த மூலையைப் பாருங்கள். பெயின்டில் முடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அது அழுக்கு அல்ல, விரிசல். அந்த மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் என் யோசனை பிளேட் ஸ்பிரிங்தான், ஷாக் அப்சார்பரோடு. ரப்பர் வைத்த டார்ஷன் அச்சு மெத்தென்று போகும், ஆனால் வருசநாட்டுப் பாதையில் அது போய்விட்டால் அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிளேட் உடைந்தால் ஆண்டிபட்டியிலோ உசிலம்பட்டியிலோ லாரிப் பட்டறைக்காரர் வெட்டி, துளை போட்டு, பூட்டிக் கொடுத்துவிடுவார். இரண்டு யூ போல்ட்டும் ஒரு சென்டர் போல்ட்டும் கையில் இருக்கட்டும். பலம் என்று நினைத்து ஒன்பது, பத்து பிளேட் அடுக்காதீர்கள். ஸ்பிரிங் வளையாது, வண்டி குதிக்கும், பிரிட்ஜின் தாங்கி அறுந்துவிடும். சக்கரமும் டயரும் இழுக்கிற வண்டியுடையதே இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். ஜிம்னி என்றால் 195/80 ஆர்15 டயர், 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளை. சக்கரத்தைப் பூட்டுகிற ஹப்பையும் அதே துளையில் செய்யச் சொல்லுங்கள்.

கொக்கியைப் பொறுத்தவரை, 50 மில்லிமீட்டர் பந்து தார்ச்சாலைக்குப் போதும். ஆழமான ஓடையில் வண்டி இறங்கி டிரெய்லர் மேலே நிற்கும்போது, பந்தும் கப்ளரும் ஒன்றையொன்று நெம்பி விளிம்பு கிழியும். கரட்டுப் பாதைக்கு மூன்று திசையிலும் திரும்புகிற இணைப்பு வேண்டும். எதுவானாலும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலியில் விழும்.

இனி மலைப்பாதை. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது இன்ஜினின் பாடு, இறங்குவதுதான் பிரேக்கின் பாடு. பிரேக் உள்ள சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் ஓவர்ரன் பிரேக் இருக்கும். டிரெய்லர் முன்னால் முட்டித் தள்ளுகிற விசையிலேயே அது பிடிக்கும். சமதளச் சாலையில் அது நல்ல பிரேக்தான். ஆனால் தாழ்ந்த கியரில் இறங்கும்போது டிரெய்லர் இடைவிடாமல் முட்டிக்கொண்டேயிருக்கும், பிரேக் ஷூவும் இடைவிடாமல் உரசிக்கொண்டேயிருக்கும். நீங்கள் காலே வைக்காதபோதும் டிரம் சூடேறும். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி, ஹப்புக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே அனல் அடித்தால் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விட்டுவிடும். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் மின்சார பிரேக்குக்குச் செலவழிப்பதே நல்லது. வளைவில் டிரெய்லரின் சக்கரம் வண்டியின் தடத்தைவிட உள்ளே வெட்டும், அதனால் எதிரே வண்டி இல்லையென்று பார்த்துக்கொண்டு அகலமாகத் திருப்புங்கள்.

வழியில் நிற்க வைக்கிற பழுது பெரும்பாலும் பேரிங்தான். ஓடி வந்த சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறக்கினால், ஹப்புக்குள் உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் போல வெளுத்துப்போகும். இறங்கும் முன் பத்து இருபது நிமிடம் ஆறட்டும். பேரிங்கை இறுக்குவதிலும் பக்குவம் உண்டு. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், சுற்றுவது கனத்ததும் நிறுத்துங்கள். பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, துளை நேர்ப்படும் இடத்தில் ஸ்பிளிட் பின் போடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் அசைத்தால் மிக மெல்லிய ஆட்டம் இருக்கலாம், சத்தம் இருக்கக் கூடாது. ஸ்பேனரால் இறுக்கி அப்படியே பின் போட்டால் பேரிங் வெந்துவிடும். தனுஷ்கோடி மணலுக்குப் போய் வந்தால், அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுக்கக் கழுவுங்கள். மணலில் இறங்கும் முன் டயர் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐ வரைக்கும் குறையுங்கள், தார்ச்சாலை ஏறியதும் திரும்ப ஏற்றுவதற்குச் சிறிய கம்ப்ரசர் வேண்டும்.

படுக்கைப் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும், காற்று. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும். வெள்ளைக் கூரை, சுவருக்குள் 25 மில்லிமீட்டர் நுரைப் பலகை, கீழே ஒரு காற்றுத் துவாரம், கூரையில் வெளியே இழுக்கிற ஒரு ஃபேன் கட்டாயம். பெட்டிக்குள் அடுப்பு, கரி எதையும் பற்றவைக்காதீர்கள். அந்தப் புகையின் நச்சுக்கு மணமில்லை, தூங்குகிறவர் எழமாட்டார்.

மின்சாரத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள். 40 லிட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ் வெயில் நாளில் சுமார் 500 வாட்-மணி எடுக்கும். ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 240. விளக்கு 40, போன்கள் 40. மொத்தம் 820. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1280 இருக்கும், ஒன்றரை நாள் தாங்கும். 200 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளைக்கு 650லிருந்து 700 தரும். மிச்சத்தை ஓடும்போது வண்டியிலிருந்து ஏற்ற வேண்டும். அங்கேதான் ஒயரில் கஞ்சத்தனம் செய்து கெடுப்பார்கள். போக வர பத்து மீட்டர் தூரம், 20 ஆம்பியர் ஓட்டம் என்று வையுங்கள். வீட்டு பிளக்குக்குப் போடுகிற இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், பேட்டரி பாதிகூட ஏறாது. பதினாறு சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் இழப்பு 0.2 வோல்ட்தான். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஒயர் இரும்பில் உரசி ஷார்ட் ஆனால் பியூஸ்தான் தீயைத் தடுக்கும்.

கேஸுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். அதை வெளிப்பெட்டியில், அடியில் துளை போட்டு வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித்தான் வெளியேறும். தண்ணீர், ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் இருவருக்கு 60 லிட்டர் மூன்று நாள்.

தங்கும் இடத்தைத் தோட்டக்காரரின் அனுமதியோடு தனியார் தோட்டத்தில் தேர்ந்தெடுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் நிற்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற வந்தவர்களைக் காட்டுத்தீ பலிகொண்டதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும், திறந்தவெளித் தீயே வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் தென்னைக்கு அடியில் கூடாரம் விரிக்காதீர்கள், மட்டையும் காயும் சொல்லிவிட்டு விழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வறண்ட ஓடை மணல் படுக்கப் பரந்து கிடந்தாலும் இறங்காதீர்கள். மழை மலையில் பெய்யும், உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே தண்ணீர் வந்துவிடும்.

முதல் ஓட்டத்துக்கு மலை வேண்டாம், வைகை அணை போதும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்புங்கள். உசிலம்பட்டியில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தப் பக்கப் பேரிங்கோ பிரேக்கோ இறுக்கம். வீல் நட்டுகளை அங்கே ஒருமுறை இறுக்குங்கள், புதுச் சக்கரத்தில் முதல் 50 கிலோமீட்டருக்குள் அவை கொஞ்சம் தளரக்கூடும். யூ போல்ட் நட்டுகளையும் இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு நட்டின்மேலும் அதன் அடித்தகட்டின்மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் கிளம்பலாம். உடைந்து விலகியிருந்தால் அந்த நட்டு சுழன்றிருக்கிறது, ஸ்பேனரை எடுங்கள்.

வணக்கம்.