கராஜ் டோர் ஸ்ப்ரிங் எத்தன வருஷம் வரும்?

சரி, அடுத்து ஒருத்தர் கேட்டிருக்காரு. "டோர் போட்டு ஏழு வருஷந்தான் ஆச்சு, காலைல டமார்னு சத்தம், ஓடிப்போய் பாத்தா மேல இருக்கற ஸ்ப்ரிங் ரெண்டா உடைஞ்சிருக்கு, யாருமே கதவத் தொடல, மட்டமான ஸ்ப்ரிங்க மாட்டிட்டாங்களா?"ன்னு.

இல்லங்க, அது தன் ஆயுச முடிச்சிருச்சு, அவ்வளவுதான். ஸ்ப்ரிங்குக்கு வருஷக் கணக்கே கிடையாது, எத்தன தடவ தெறந்து மூடுறோம்ங்கறதுதான் கணக்கு. சாதாரணமா மாட்டுற ஸ்ப்ரிங் 10,000 தடவைக்குன்னு செய்யறது, தெறந்து மூடுனா அது ஒரு தடவ. நீங்க ஒரு நாளைக்கு 4 தடவ தெறந்தீங்கன்னா 2,500 நாள், ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. உங்க கணக்கு கரெக்டா வந்துருச்சு பாருங்க. ரெண்டே தடவ தெறக்கறவங்களுக்கு அதே ஸ்ப்ரிங் பதிமூணு வருஷத்துக்கு மேலயே போகும்.

நெறைய பேர் மோட்டார்தான் கதவத் தூக்குதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. வெயிட்ட தாங்குறது ஸ்ப்ரிங், மோட்டார் சும்மா நகத்தி விடுது. கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்ப்ரிங் முழு முறுக்குல நிக்கும், தெறக்க தெறக்க முறுக்கு கொறையும். அதனாலதான் யாரும் தொடாதப்பவே உடையுது. ஒரு கம்பிய கையில வச்சு இப்படியும் அப்படியும் மடக்கிட்டே இருந்தா பட்டுன்னு ஒடையும்ல, அதேதான் இங்க மெதுவா நடக்குது. உடைஞ்ச முனைய உத்துப் பாருங்க, பல நேரம் ஒரு ஓரத்துல பிறை மாதிரி கருத்துப்போய் துரு ஏறி இருக்கும், மிச்சம் வெள்ளையா புதுசா பளபளன்னு இருக்கும். கருப்பு வந்து ரொம்ப நாளா உள்ளுக்குள்ள வளந்த விரிசல், பளபளப்பு அன்னைக்குக் காலைல உடைஞ்சது.

அந்த விரிசல் ஆரம்பிக்க துரு ஒண்ணே போதும், சின்னக் குழி விழுந்தா அங்க இருந்து கெளம்பிடும். கடுங்குளிர்ல எஃகு வளையாம பட்டுன்னு ஒடையற மாதிரி ஆயிடும், ஏற்கனவே நொந்துபோன ஸ்ப்ரிங் அப்பத்தான் போகும். இன்னொண்ணு, கதவோட வெயிட்டுக்குப் பொருந்தாத ஸ்ப்ரிங். டோர் போட்டதுக்கு அப்புறமா கதவுல கூடுதலா பலகை கிலகை அடிச்சு வெயிட்ட ஏத்திட்டு ஸ்ப்ரிங்க அப்படியே விட்டுடறாங்க, அது பாவம் எவ்ளோதான் தாங்கும்.

செக் பண்றது ஈசி, ஆனா ஸ்ப்ரிங் நல்லா இருக்கும்போது மட்டும் பண்ணுங்க. கதவ மூடிட்டு மோட்டார்ல தொங்குற கயித்த இழுத்து, கதவ மோட்டார்ல இருந்து கழட்டி விட்டுட்டு, கையால பாதி வரைக்கும் தூக்கி மெதுவா விடுங்க. அங்கயே நின்னா சரியா இருக்கு, கீழ வந்தா ஸ்ப்ரிங் தளந்துருச்சு. அப்பப்ப சிலிக்கான் இல்ல லித்தியம் ஸ்ப்ரே அடிச்சு விடுங்க, துரு புடிக்காது, சுருளும் ஒண்ணோட ஒண்ணு ஒரசாது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், யூடியூப் பாத்து நீங்களே மாத்தாதீங்க. முறுக்குன ஸ்ப்ரிங்ல ஸ்க்ரூடிரைவர விட்டு லூஸ் பண்ணா அது சுழண்டு வந்து கைய ஒடச்சிரும், மூஞ்சில அடிச்சிரும். ஆள் வந்தா, ரெண்டு ஸ்ப்ரிங் இருந்தா ரெண்டையும் சேத்து மாத்தச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே அளவுதான் உழைச்சிருக்கு. 20,000, 25,000 தடவ வர்றதும் இருக்கு, கம்பி தடிமனா, சுருள் நீளமா வரும், கேட்டு வாங்குங்க. அவரு வர்ற வரைக்கும் மோட்டார் சுவிட்ச தொடாதீங்க, தூக்குனா கதவு வெயிட்டு இப்ப மோட்டார் மேலதான் விழும்.