உருகிய பொலித்தீன் எப்போது நீளும், எப்போது அறும்?

அவைத்தலைவர் அவர்களே, வெள்ளவத்தையில் இன்று கூடியிருக்கும் ஆசிரியர்களே, தொழிற்சாலை நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொலித்தீன் தாள் செய்யும் இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். வட்ட வாயொன்றின் வழியே உருகிய பொலித்தீன் குழாயாக வெளிவந்து, உள்ளே ஊதப்படும் காற்றினால் பெருங்குமிழாகப் பருத்து, மேலேயுள்ள உருளைகளால் இழுபட்டு, ஓரிடத்தில் தெளிவு மங்கி இறுகுகிறது. அந்த மங்கற்கோட்டுக்குக் கீழே, இன்னும் உருகிய நிலையிலேயே, அது பல மடங்கு நீட்டப்படுகிறது. குமிழ் அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பொலித்தீன் ஒரு பல்பகுதியம்; அதாவது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். உருகிய நிலையில் அவை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன; முடிச்சு எதுவும் இல்லை. இடியப்பத்தை மெதுவாகத் தூக்கினால் இழைகள் உருவிக்கொண்டு வருவதும் வெடுக்கென்று இழுத்தால் அறுவதும் இதற்கு ஒப்பு. சூழ்ந்துள்ள சங்கிலிகள் ஒரு குழாய்போல் அடைத்து நிற்க, ஒவ்வொரு சங்கிலியும் தன் நீளவாக்கில் ஊர்ந்தே வெளியேற முடியும் என்று 1971 இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் கூறினார். 1978 இல் டோய், எட்வர்ட்ஸ் என்ற இயற்பியலாளர்கள் அதை முழுமையான கோட்பாடாக வளர்த்தனர். ஊர்ந்து வெளியேற எடுக்கும் நேரம் சங்கிலி நீளத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்காக ஏறுகிறது. நீளம் இரட்டித்தால் அந்த நேரம் பத்து மடங்குக்கு மேல் ஆகிறது.

ஆகவே அறுவது வலிமையை மட்டும் பொறுத்த விடயமன்று, நேரத்தையும் பொறுத்தது. சங்கிலிகள் பின்னல் விட்டு நழுவ அவகாசம் கிடைக்கும் அளவுக்கு மெதுவாக இழுத்தால், உருகல் சாதாரணப் பாகுபோல் ஓடும்; நீட்டத்துக்கு அது காட்டும் பிசுக்குமை, அதாவது ஓட்டத்துக்கு எதிரான தடை, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும்போது காட்டும் வழக்கமான பிசுக்குமையின் மூன்று மடங்கு என்று இயற்பியலாளர் ட்ரூட்டன் 1906 இல் காட்டினார். சற்று வேகமாக இழுத்தால், ஓரிடத்தில் கழுத்துப்போல் மெலிந்து, அங்கே பின்னல்கள் நழுவி, இழை பிரிகிறது. இன்னும் வேகமாக இழுத்தால் நழுவ நேரமே இல்லை: அதே உருகல், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட வல்கனைசுப்படுத்திய இறப்பர்போல் நடந்து, கழுத்து மெலியாமலே சட்டென்று பிளக்கிறது. திரவமொன்று திண்மம்போல் வெடிப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. வெப்பநிலையை உயர்த்தினால் ஊர்தல் நேரம் குறைவதால், முன்பு பிளந்த அதே இழுவேகத்தில் அது மீண்டும் ஓடத் தொடங்கும்.

குமிழைக் காப்பது கிளைகள். அடர்த்தி குறைந்த பொலித்தீனின் சங்கிலிகளில் நீண்ட கிளைகள் உண்டு. கிளையுள்ள சங்கிலி எளிதில் ஊர்ந்து வெளியேறாது. குமிழில் ஓரிடம் தற்செயலாக மெலிந்தால் இழுப்பு அங்கே கூடுகிறது. அப்போது கிளைச் சங்கிலிகள் இறுகி அந்த இடத்தையே விறைப்பாக்குவதால், நீட்சி தடித்த பகுதிகளுக்குத் திரும்புகிறது. கிளையற்ற நேர்ச்சங்கிலி வகைகளில் இந்த விறைப்பு மிகக் குறைவு. மெலிந்த இடம் மேலும் மெலியும்.

இதனால்தான் உருகலோட்டச் சுட்டி ஒன்றை மட்டும் பார்த்து மூலப்பொருள் வாங்குவது தவறு என்கிறேன். 190 பாகை செல்சியசில், 2.16 கிலோகிராம் பளுவின் கீழ், 10 நிமிடத்தில் சிறு துளை வழியே எத்தனை கிராம் வழிகிறது என்பதே பொலித்தீனுக்கு வழக்கமான அந்த அளவீடு. அது மெதுவான வழுக்கோட்டத்தைச் சொல்லும், நீட்சியைச் சொல்லாது. ஒரே சுட்டியுள்ள இரண்டு பொலித்தீன்களில் ஒன்று குமிழாக நிற்கும், மற்றது அறுந்து விழும். சேகரித்த பழைய பைகளை உருக்கி மீண்டும் தாளாக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கடுமையாகிறது. எந்த வகை எவ்வளவு கலந்தது என்பது எவருக்கும் தெரியாத கலவை அது. அத்தகைய ஒவ்வொரு கலவையையும் உருகிய நிலையில் இழுத்துப் பார்த்து, எந்த வேகத்தில் விறைக்கிறது, எந்த வேகத்தில் பிளக்கிறது என்று அளந்த பின்பே இயந்திரத்தில் இட வேண்டும்.