பிரைட்னஸ குறைச்சும் ஏன் தலை வலிக்குது?

வணக்கம் நேயர்களே. ராத்திரி போன் பாத்தா கண்ணு எரியுது, நெத்திப்பொட்டு தெறிக்குதுன்னு யார்கிட்ட சொன்னாலும் உடனே ப்ளூ லைட்டு, அதுக்குன்னு ஒரு கண்ணாடி இருக்கு வாங்கிப் போடுங்கறாங்க. 2023ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசற ஒரு அமைப்பு, இது பத்தின ஆய்வுகள எல்லாம் சேத்து அலசினதுல அந்தக் கண்ணாடியால கண் சோர்வு குறையற மாதிரி தெரியலன்னுதான் வந்துச்சு. காசு உங்களோடது, அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

இமைக்காம உத்துப் பாக்கறது ஒரு காரணம். சும்மா இருக்கறப்ப நிமிஷத்துக்கு 15 தடவைக்கு மேல இமைக்கிறோம், ஸ்கிரீன் முன்னாடி அது பாதிக்கும் கீழ போயிடும், இமைச்சாலும் முழுசா மூடறதில்ல, கண்ணு காஞ்சு போய் உறுத்துது. 20 நிமிஷத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி 20 செகண்ட் பாருங்கன்னு டாக்டருங்க சொல்றது உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் புது போன் மாத்தின அன்னிக்கே தலைவலி ஆரம்பிச்ச ஆளுங்க இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இன்னிக்கு பேச வந்தேன். நிறைய ஓலெட் போன்ல, அதாவது ஸ்கிரீன்ல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியற போன்ல, பிரைட்னஸ குறைச்சா வெளிச்சம் நிஜமா மங்கறதில்ல, ஸ்கிரீன் செகண்டுக்கு 240 தடவை, சிலதுல 480 தடவை, அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அணைஞ்சிருக்கற நேரம் கூடக்கூட நமக்கு மங்கலா தெரியுது, அவ்ளோதான். இதுக்கு பிடபிள்யூஎம்னு பேரு. கண்ணுக்கு நேரா தெரியாது, ஆனா சிலருக்கு ஒத்துக்காது. கண்ணுக்கு நல்லதாச்சேன்னு இருட்டுல அடிமட்டத்துக்கு குறைக்கறோம் பாருங்க, அப்பதான் அது ரொம்ப மோசம்.

நீங்களே பாக்கலாம். இன்னொரு போன் கேமராவ ப்ரோ மோடுல போட்டு ஷட்டர் ஸ்பீட ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கு மேல ஏத்தி, உங்க ஸ்கிரீன் மேல காட்டுங்க, குறைஞ்ச பிரைட்னஸ்ல தடிதடியா கருப்புப் பட்டை ஓடும். ஃபுல் பிரைட்னஸ்லயும் மெல்லிசா ஒரு கோடு வரலாம், அது வேற, ஸ்கிரீன் ரெஃப்ரெஷ் ஆகறது.

செட்டிங்ஸ்ல டிசி டிம்மிங், ஆன்டி ஃப்ளிக்கர்னு இந்த அணைஞ்சு எரியறத குறைக்கற வசதி ஏதாச்சும் இருந்தா ஆன் பண்ணுங்க, கருப்பு கலர் கொஞ்சம் திட்டுத்திட்டா தெரியும், போனா போகுது. இல்லன்னா பிரைட்னஸ மேலயே வச்சுட்டு எக்ஸ்ட்ரா டிம்னு படத்தையே கருக்கிக் காட்டற ஆண்ட்ராய்டு செட்டிங்க போட்டுக்கங்க, ரூம் லைட்டயும் அணைக்காதீங்க. புதுசா வாங்கறவங்க பிடபிள்யூஎம் 1920, 3840 ஹெர்ட்ஸ்னு, அதாவது செகண்டுக்கு அத்தன தடவை அணைஞ்சு எரியும்னு, போட்டிருக்கற போனா பாருங்க. ஒரு கண்ணு மட்டும் வலிச்சா, இல்ல மங்கல் தூங்கி எழுந்தும் போகலன்னா, செட்டிங்ஸ நோண்டிட்டு இருக்காம கண் டாக்டர்கிட்ட போயிடுங்க.